மகளை நர்சிங் படிக்க அனுப்பலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்காங்க. "நர்சிங் படிப்பைப் பத்திப் பேசும்மா, கிறிஸ்தவக் காலேஜ்ல படிச்ச பொண்ணு நீ, உள்ளே எப்படி இருக்கும்னு சொல்லு" என்று தலைவி அக்கா போனில் சொன்னாங்க. கூடவே இன்னொன்றும் சொன்னாங்க. மதியம் ஒரு தீர்மானம் வருதாம். பிள்ளைகள் மேல்படிப்புக்குக் குழுவிலிருந்து நீண்ட தவணைக் கடன் கொடுக்கலாமா, வேண்டாமா என்று. அதில் பாதிப் பேர் "கொடுக்கலாம்", பாதிப் பேர் "பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டா யார் கட்டுறது" என்று இருக்கீங்களாம். சரி, அதையும் சேர்த்தே பேசுறேன்.

முதலில் படிப்பு என்ன என்று பார்த்துவிடலாம். ஏன்னா காலையில் வாசலில் மூணு பேர் என்னைக் கேட்டாங்க, மூணு பேரும் வேற வேற படிப்பைத்தான் "நர்சிங்"னு சொன்னாங்க.

ஏ.என்.எம். என்பது இரண்டு ஆண்டு. நம்ம ஊருக்கு வருகிற கிராம சுகாதார செவிலியர் அந்த வழியில் வந்தவங்க. ஜி.என்.எம். என்பது மூன்று ஆண்டு டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, பட்டப்படிப்பு. இதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்கணும், வயசு 17 ஆகியிருக்கணும். 2021-க்குப் பிறகு இந்திய நர்சிங் கவுன்சில் இதை செமஸ்டர் முறைக்கு மாற்றிவிட்டது, மொத்தம் எட்டு செமஸ்டர். நான் படித்தப்போ வருஷத்துக்கு ஒரு பரீட்சை. தமிழ்நாட்டில் அரசுக் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. சில தனியார் கல்லூரிகளும் கிறிஸ்தவக் கல்லூரிகளும் தங்கள் இடங்களுக்குத் தனியாக விண்ணப்பம் வாங்கி, நுழைவுத் தேர்வோ நேர்காணலோ வைப்பாங்க. அதனால ஒரே ஒரு விண்ணப்பம் போட்டுட்டு உட்காராதீங்க. அரசுக்கு ஒன்று, பிடித்த கல்லூரிக்கு ஒன்று என்று போட்டு வையுங்க.

டிப்ளமோவுக்கும் டிகிரிக்கும் என்ன வித்தியாசம், வார்டுல இரண்டு பேரும் ஒரே ஊசிதானே போடுறாங்க என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. வார்டில் ஆரம்பத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஜி.என்.எம். படித்த சீனியர் அக்காக்கள் எனக்குக் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுத்ததுதான் நான் இன்றைக்குச் செய்கிற வேலையில் பாதி. ஆனால் டிகிரி இருந்தால் மேலே எம்.எஸ்சி. போகலாம், கல்லூரியில் பாடம் எடுக்கப் போகலாம், வெளிநாட்டில் சில இடங்களில் டிகிரியைத்தான் முதலில் கேட்கிறாங்க. ஏணியில் படி அதிகம், அவ்வளவுதான்.

இப்போ கிறிஸ்தவக் கல்லூரி விஷயம். நான் படித்த கல்லூரியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, ஒரு கல்லூரிக்கு விளம்பரம் பண்ண நான் வரலை. ஆனால் நர்ஸ் வேலைக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் நம்ம பக்கத்தில் என்ன உறவு என்று சொல்லணும்னா வேலூரைச் சொல்லாமல் முடியாது.

வேலூர் சி.எம்.சி.க்குப் போகாத குடும்பம் இங்கே எத்தனை இருக்கும்? கையைத் தூக்கச் சொன்னால் சிலர்தான் தூக்குவீங்க. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் நம்ம ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். குடும்பமே மிஷனரி டாக்டர் குடும்பம். அவருக்கு டாக்டராகிற எண்ணமே கிடையாது. அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து கூப்பிட்டாங்க. மூன்று வீட்டிலும் பிரசவத்தில் பெண் தவிக்கிறாள். இவரோ டாக்டர் இல்லை, "எங்க அப்பா டாக்டர், அவரை அழைச்சிட்டுப் போங்க" என்றார். ஆண் டாக்டர் வீட்டுக்குள் வந்து பெண்ணைத் தொடக் கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போனாங்க. விடியும்போது மூன்று பெண்களும் செத்துப் போயிருந்தாங்க. அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் பெண்களுக்கு 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1946-ல் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு.

இந்த வரிசையை கவனிங்க அக்கா. டாக்டர் பள்ளிக்கு ஒன்பது வருஷம் முன்னாடி நர்ஸ் பள்ளி வந்துவிட்டது. ஒரு டாக்டர் எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? ராத்திரி முழுக்க பக்கத்தில் இருக்க ஆள் வேணும். அந்த ஆளும் பெண்ணாக இருக்கணும்.

அந்தக் காலத்தில் யார் நர்ஸ் வேலைக்கு வந்தாங்க? "நல்ல குடும்பத்துப் பெண்" வரமாட்டாள். அடுத்தவர் ரத்தம், சீழ், மலம், இதெல்லாம் தொடணும். ஆண்களையும் தொடணும். ராத்திரியில் வெளியே தங்கணும். சாதி பார்க்கிற ஊரில் இதெல்லாம் யாருக்கு விட்ட வேலை என்று உங்களுக்குத் தெரியும். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், விதவைகள், ஆதரவில்லாதவர்கள், இவங்கதான் முதலில் முன்னுக்கு வந்தாங்க. அவங்க வாங்கிய ஏச்சுக்கு மேல்தான் இன்றைக்கு நாம "நர்ஸ் மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறாங்க" என்று சொல்ற நிலைமைக்கு வந்திருக்கோம். "செவிலியர்" என்று அரசாங்கம் அழகா பேர் வச்சிருக்கு. சங்கப் பாட்டில் செவிலி என்றால் தலைவியை எடுத்து வளர்த்த தாய். பேர் நல்ல பேர்தான். சம்பளத்தைப் பற்றிப் பின்னாடி வரேன்.

அடுத்து, நீங்க எல்லாரும் மனசுக்குள்ள வச்சிருந்து, ஒரு பாட்டி மட்டும் வாய்விட்டுக் கேட்டது: "மதம் மாத்திடுவாங்களா கண்ணு?"

நேராகவே சொல்றேன். என் விடுதியில் காலையில் ஜெபம் இருக்கும். மருத்துவமனையில் வேலை தொடங்கும் முன் இரண்டு நிமிஷம் பிரார்த்தனை. கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் முழுக்கக் கேரல் பாட்டு. என் அறையில் நாங்க நாலு பேர். ஒருத்தி சி.எஸ்.ஐ., ஒருத்தி கத்தோலிக்கப் பெண், ஒருத்தி வாணியம்பாடியிலிருந்து வந்த முஸ்லிம் பெண், நான் மாரியம்மன் கோயில் தெருக்காரி. நான் ஜெபத்தில் உட்காருவேன், பாட்டு பிடிக்கும், பாடுவேன். ஆடி மாசம் ஊருக்கு வந்து கூழ் ஊத்துவேன். நாலு வருஷத்தில் யாரும் என்னை மாறச் சொல்லவில்லை. இது என் அனுபவம். எல்லாக் கல்லூரிக்கும் நான் ஜாமீன் கொடுக்க முடியாது. அதனால சட்டத்தைச் சொல்றேன், அதைப் பிடிச்சுக்குங்க. சிறுபான்மையினர் தங்களுக்குக் கல்வி நிலையம் நடத்த அரசியலமைப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு உரிமை கொடுக்குது. அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படிக்கிற யாரையும் அவங்க சம்மதம் இல்லாமல், 18 வயசு ஆகாதவங்கன்னா பெற்றோர் சம்மதம் இல்லாமல், மதப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லுது. அட்மிஷன் அன்றைக்கே "ஜெபத்துக்கு வரணுமா, வராமல் இருக்கலாமா" என்று கேளுங்க. கேட்பதில் தப்பில்லை. ஒழுங்கான கல்லூரி ஒழுங்காகப் பதில் சொல்லும்.

எனக்கு அங்கே கஷ்டமாக இருந்தது மதம் இல்லை அக்கா, இங்கிலீஷ்!

நான் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். முதல் வாரம் உடற்கூறியல் வகுப்பு. மேடம் ஒரு எலும்பைக் கையில் வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் பேசினாங்க. எனக்குப் புரிந்தது அது எலும்பு என்பது மட்டும்தான். ராத்திரி விடுதி மாடியில் உட்கார்ந்து அழுதேன். வாணியம்பாடிப் பெண்தான் வழி சொன்னாள். "இந்த வார்த்தையெல்லாம் இங்கிலீஷ்காரங்களுக்கும் புரியாதுடி, இது லத்தீன், கிரேக்கம். துண்டு துண்டா உடைச்சுப் படி" என்றாள். கடைசியில் "ஐட்டிஸ்" வந்தால் அழற்சி, வீக்கம். "எக்டமி" வந்தால் வெட்டி எடுப்பது. "ஹெப்பா" என்றால் கல்லீரல், "நெஃப்ரோ" என்றால் சிறுநீரகம். ஒரு நாற்பது துண்டு தெரிந்தால் நானூறு வார்த்தை தானாகப் புரியும். பின்னட்டை கிழிந்த ஒரு நோட்டில் அதை எழுதி வச்சேன். அந்த நோட்டு இப்போ என் சித்தி மகள் கையில் இருக்கு. தமிழ் மீடியம் பிள்ளை படிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஆனால் முதல் ஆறு மாசம் அழுவாள். போன் பண்ணி "வந்திடுறேம்மா" என்பாள். அப்போ உடனே பஸ் ஏறிப் போய்க் கூட்டிட்டு வந்துடாதீங்க.

முதல் வருஷத்தில் நர்சிங் அடிப்படை என்று ஒரு பாடம். படுக்கை விரிப்பது எப்படி என்று வாரக்கணக்கில் சொல்லித் தருவாங்க. சிரிக்காதீங்க. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால், அசைய முடியாத நோயாளிக்கு அந்த இடத்தில் தோல் சிவந்து, அப்புறம் புண்ணாகும், எலும்பு தெரிகிற அளவுக்கு ஆழமாகப் போகும். அதனால விரிப்பை இழுத்து, மூலையைக் கவர் ஒட்டுவது போல மடித்துச் செருகணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கணும். உங்க வீட்டில் வாதம் வந்து படுத்திருக்கிற மாமனார், மாமியார் இருந்தால் இதை இன்றைக்கே செய்யுங்க. தலையணை ஒன்றைக் காலுக்கு நடுவில் வையுங்க. இதுக்கு டிகிரி வேண்டாம்.

அப்புறம் பெட்பேன். முதல் தடவை ஒரு வயசான அம்மாவுக்கு நான் பெட்பேன் வைத்தேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன் கையால இதைச் செய்ய விடுறேனே, எனக்குப் பாவம் சேருமேடி" என்று அழுதாங்க. எனக்கு அருவருப்பு வரும் என்று நினைத்தேன். வரலை. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். எங்க அம்மா பீடி சுற்றுகிறவங்க. புகையிலைத் தட்டைக் கீழே வைக்காமலே, "உன்னை நான் கழுவலையா, இதுல என்ன?" என்றாங்க. அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிஞ்சது.

இரண்டாவது, மூன்றாவது வருஷத்தில் வார்டு வார்டாகப் போடுவாங்க. மருத்துவம், அறுவைச் சிகிச்சை, குழந்தைகள், மனநலம், பிரசவம். பிரசவ வார்டில் ஒரு பதிவேடு உண்டு. பார்த்த பிரசவம், கூட நின்று உதவிய பிரசவம், சொந்தக் கையால் பார்த்த பிரசவம் என்று எண்ணிக்கை முடித்தால்தான் பரீட்சைக்கு விடுவாங்க. வகுப்புக்கு 80 சதவீதம் வருகை வேணும். செய்முறைப் பயிற்சி நேரமோ பட்டம் வாங்கும் முன் நூற்றுக்கு நூறு முடித்திருக்கணும். காய்ச்சல், தீபாவளி, அக்கா கல்யாணம் என்று விட்டதையெல்லாம் லீவில் வந்து ஈடு கட்டணும். "நாலு நாள் லீவு போட்டுட்டு வா, சீர் வரிசைக்கு ஆள் வேணும்" என்று பிள்ளையைக் கூப்பிடுகிற அம்மாமார்கள் இதைக் குறிச்சு வச்சுக்குங்க.

சமூக நலப் பயிற்சிக்கு கிராமத்துக்கு அனுப்புவாங்க. ஒரு பை, அதில் பி.பி. கருவி, சர்க்கரை பார்க்கிற கருவி, எடை மிஷின். வீடு வீடாகப் போகணும். என் தோழிகள் தயங்கி நிற்பாங்க. நான் நேராகப் போய் "இந்த ஊர்ல எத்தனை குழு, ஊக்குநர் அக்கா வீடு எது" என்று கேட்பேன். ஊக்குநர் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் முப்பது பேர் வந்துடுவாங்க. எங்க மேடமே, "இதை எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டாங்க. சின்ன வயசில் எங்க அம்மா குழுக் கூட்டத்துக்குப் போகும்போது சேமிப்புப் பாஸ் புத்தகத்தைத் தூக்கிட்டுப் பின்னாடி போனவள் நான். வேற எங்க கத்துக்கறது?

அந்தத் திண்ணைகளில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கு. பரிசோதித்த பெண்கள் நிறையப் பேருக்கு ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை எல்லார் வீட்டிலும் இருந்தது, பிரிக்காமல்! பிரித்தவங்களும் மாத்திரையைப் போட்டுட்டு உடனே டீ குடிச்சாங்க. டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லாச் சேரும். இது நாலு வருஷப் படிப்பில் ஒரு வரி. அந்த ஒரு வரி அன்றைக்குத் திண்ணையில் இருந்த யாருக்கும் தெரியலை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம்ம குழுப் பெண்களே பி.பி. கருவியோடு வீடு வீடாகப் போறீங்க. இங்கேயும் சிலர் இருக்கீங்க, அந்தப் பையைப் பார்த்தாலே தெரியுது. அப்படிப் போற அம்மாவுடைய மகள் நர்சிங் படித்தால் அவள் பாதி பாடம் வீட்டிலேயே படிச்சவள்.

இனிமேல் காசு. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்றீங்க.

வங்கியில் கல்விக் கடன் கேளுங்க. 4 லட்சம் வரைக்கும் அடமானமோ வெளியாள் ஜாமீனோ தேவையில்லை, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரைக்கும் அரசு உத்தரவாதத் திட்டத்தில் அடமானம் இல்லாமல் கொடுக்க வழி இருக்கு. படிக்கிற காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும், இதை மேனேஜர் மெதுவாத்தான் சொல்வார். முடிந்த மாசம் வட்டியை மட்டுமாவது கட்டிட்டு வந்தால் கடைசியில் மூச்சு முட்டாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். வேற உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, இந்த மூணையும் ரிசல்ட்டுக்கு முன்னாடியே தயார் பண்ணி வைங்க.

ஆனால் வங்கிக் கடன் கல்லூரிக்குக் கட்டுகிற பெரிய கட்டணத்துக்குத்தான் சரியாக உதவும். நம்மளைச் சாய்க்கிறது சின்னச் செலவு. இரண்டு செட் யூனிஃபார்ம், வெள்ளை ஷூ, செகண்ட் கை வைத்த கடிகாரம் (நாடி எண்ண வேண்டாமா?), புத்தகம், ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம், வேற ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போக வர வேன் காசு. எதுவும் பெரிசில்லை. ஆனால் எல்லாம் "நாளைக்கே" வேணும் என்று வரும். அந்த நேரத்தில்தான் நம்ம ஆட்கள் வட்டிக்காரர் வாசலுக்குப் போறாங்க, இல்லைன்னா மைக்ரோ பைனான்ஸ்காரர் வீட்டு வாசலுக்கே வர்றார்.

எங்க அம்மா குழு என்ன பண்ணினாங்க என்று சொல்றேன். 2008-ல் நான் சேர்ந்தேன். குழுவில் 14 பேர். வங்கியில் 2 லட்சம் கல்விக் கடன் கிடைத்தது. சின்னச் செலவுக்கு அம்மா குழுவில் கேட்டாங்க. அன்றைக்கு இரண்டு மணி நேரம் சண்டை. ஒரு பெரியம்மா எழுந்து, "நாலு வருஷம் காசு முடங்கினா என் ஆட்டுக்கு நான் எங்க போவேன்" என்று கேட்டாங்க. அவங்க கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். பொதுப் பணத்தை முடக்குவது சின்ன விஷயம் இல்லை. கடைசியில் தீர்மான நோட்டில் இப்படி எழுதினாங்க: மொத்தமாகக் கொடுப்பதில்லை, வருஷத்துக்கு 5,000 என்று நாலு தடவை. படிக்கிற காலத்தில் வட்டி மட்டும், நூற்றுக்கு மாசம் 1 ரூபாய். வேலை கிடைத்த பிறகு அசல். ஒவ்வொரு வருஷமும் மார்க் ஷீட்டைக் கூட்டத்தில் காட்டணும். முதல் வருஷம் மாதம் 50, இரண்டாவது வருஷம் 100, மூன்றாவது 150, நாலாவது 200. நாலு வருஷத்தில் குழுவுக்கு வந்த வட்டி மட்டும் 6,000 ரூபாய். ஒரு மாசம் கூடத் தவறலை, அம்மா இரண்டு கட்டு பீடி கூடச் சுற்றினாங்க. வேலைக்குப் போனதும் மாதம் 1,000 அசல், அதற்கு உண்டான வட்டி, 20 மாசத்தில் முடிச்சேன். கல்யாணம் நடுவில் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் பேசும்போதே அம்மா, "இவ சம்பளத்தில் இன்னும் ஏழு மாசம் எங்க குழுவுக்குப் போகும், சரின்னா பாக்கு மாத்திக்கலாம்" என்று சொன்னாங்க. சரி என்றாங்க. இந்த ஒரு வாக்கியத்தை எல்லா அம்மாவும் சொல்லணும் என்பது என் கருத்து. "கல்யாணம் ஆனா யார் கட்டுறது" என்பதற்கு, யார் சம்பாதிக்கிறாளோ அவதான் கட்டணும், அதை நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி பேசணும். பையன் இன்ஜினியரிங் படிக்கக் கடன் கொடுக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதை நான் பார்க்கலை.

ஏமாறுகிற இடத்தையும் சொல்லிடுறேன். எங்க உறவில் ஒரு பெண், புரோக்கர் பேச்சைக் கேட்டு வெளி மாநிலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். "வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சை எழுதினால் போதும்" என்றாங்க. அங்கே ஆஸ்பத்திரியே இல்லை. பொம்மைக்கு ஊசி போட்டு இரண்டு வருஷம் போனது. விட்டு வரலாம் என்றால் அசல் சான்றிதழ் அவங்க பெட்டியில். மீதிக் கட்டணம் முழுசும் கட்டினால்தான் தருவோம் என்றாங்க. அவளுக்குப் போனது பணமும் இரண்டு வயசும். அதனால சேர்க்கும் முன் மூணு கேள்வி. இந்திய நர்சிங் கவுன்சிலும் மாநில கவுன்சிலும் இந்தக் கல்லூரியை இந்த வருஷத்துக்கு அங்கீகரிச்சிருக்கா? பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் எது? தமிழ்நாட்டில் என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமா என்று பாருங்க. கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கா? குறைஞ்சது 100 படுக்கை இருக்கணும். சும்மா போர்டைப் பார்த்துட்டு வராதீங்க, புறநோயாளிப் பிரிவில் காலை பத்து மணிக்குப் போய் உட்காருங்க. கூட்டம் இருந்தால் பிள்ளை வேலை கத்துக்குவாள். அசல் சான்றிதழைச் சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கணும், வச்சுக்கக் கூடாது. கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது.

படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யணும். அந்தப் பதிவு எண் இல்லாமல் டிகிரி வெறும் காகிதம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைக்குது, நான் அப்படித்தான் வந்தேன், மூன்றாவது முயற்சியில். தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பச் சம்பளம் பல இடத்தில் குறைவுதான், மறைக்க விரும்பலை. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்குச் சமம். பரிந்துரை இருக்கு, பல வார்டில் சம்பளம் அங்கே வரலை. அதைக் கேட்கிற சங்கங்கள் இருக்கு, பிள்ளைகள் சேரணும். குழுவாகச் சேர்ந்து கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வளைகுடாவுக்குப் போறவங்க கவனம். குடியேற்ற அனுமதி கட்டாயமான 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு அமைப்புகள் மூலமாகத்தான் எடுக்கணும் என்று 2015-லிருந்து விதி. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. தெருமுனை ஏஜெண்ட்கிட்ட தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்காதீங்க.

கடைசியா ஒன்று. எல்லாப் பெண்ணும் நர்சிங் போகணும் என்று நான் சொல்ல மாட்டேன். "வேற எதுவும் கிடைக்கலை, இதுலயாவது சேரட்டும்" என்று தள்ளி விடாதீங்க. ராத்திரி டியூட்டி உண்டு, பொங்கல் அன்றைக்கும் டியூட்டி உண்டு, திட்டுகிற நோயாளி உண்டு, கை நழுவிப் போகிற உயிரும் உண்டு. முதல் சாவை என் மகள் தாங்குவாளா என்று கேட்டால், யாரும் தாங்க மாட்டாங்க, சீனியர் அக்கா ஒருத்தி தோளைத் தொட்டுட்டு அடுத்த படுக்கைக்கு அனுப்புவாள், அப்படித்தான் பழகும். பிள்ளையை ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வார்டில் உட்கார வச்சுப் பாருங்க. அவளையே கேளுங்க. ஆண் பிள்ளைக்கும் இந்தப் படிப்பு உண்டு, நிறையப் பையன்கள் படிக்கிறாங்க. ஒரு அக்கா மகன் கேட்கணும் என்று பின்னாடி நிற்கிறான், வெட்கப்படாம வா தம்பி.

மதியம் தீர்மானத்துக்கு எனக்கு ஓட்டு கிடையாது, நான் உறுப்பினர் இல்லை, உறுப்பினர் மகள். எங்க அம்மா குழுவின் தீர்மான நோட்டில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கேன், செயலாளர் அக்காகிட்ட கொடுத்துட்டேன். எதிர்த்துப் பேசிய பெரியம்மாவின் கையெழுத்தும் அதில் இருக்கு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு சாப்பாட்டுக்கு அப்புறம் பந்தல் ஓரத்தில் என்னைப் பாருங்க, நாலு மணி பஸ்ஸுக்குத்தான் போறேன்.